பெர்பெத்துவாவின் தகப்பன்

என் அன்புப் பிள்ளைக்கு,

நேற்று மனுகாவ் நூலகத்தில் நீ பேசியபோது, உனக்குத் தெரியாமல் கடைசி வரிசையில் இருந்தேன். ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன், கிறிஸ்தவத்தைக் கைவிட மறுத்துச் சிறையில் கிடந்த இளம் தாய் பெர்பெத்துவாவின் காலில், அந்த மதத்தில் சேராத அவள் தகப்பன், அதை விட்டுவிடச் சொல்லி விழுந்து அழுதாராம். அவள் மாறவில்லை, கொன்றுவிட்டார்கள். பிறகு நூற்றாண்டுகளாக அவள் நினைவு நாளில் தேவாலயங்களில் அவள் கதையை வாசித்தார்களாம்.

"தகப்பனுக்கு என்ன நடந்தது?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியாது. ஆனா அவரை நினைச்சு அவள் கவலைப்பட்டிருக்கிறாள்," என்றாய்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"வரமாட்டன் எண்டு சொன்னியள், அப்ப ஞாயிறு பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு வாறியளோ?"

"ஓம்."

எனக்குத் தேவாரம் மட்டும்தான் தெரியும், பிள்ளை. ஆனாலும் குருவானவர் உன் தலையில் தண்ணீர் ஊற்றியதும் துவட்டிவிட, துவாயோடு பக்கத்தில் நிற்பேன்.

உன் அப்பா