சாக்கின் அடிவரை ஒரு கை

இன்று காலை மனுவை மடித்துப் பைக்குள் வைத்தபோது சின்ன வெங்காய வாடை அடித்தது. எத்தனை முறை துவைத்தாலும் இந்தப் பையை விட்டு அது போகாது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது, அண்ணே.

எழுபதுகளில், பெரம்பலூரில் உங்கள் வெங்காய மண்டிக்கு முதன்முதலாக மூட்டை கொண்டுவந்தேன். மேலே திரட்சியான காயாகப் பரப்பி, பொடியையும் அழுகலையும் அடியில் தள்ளியிருந்தேன். எல்லாரும் செய்வதுதான். நீங்கள் மேலே பார்க்கவே இல்லை. முழங்கை வரை சாக்குக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் முன்னே போட்டீர்கள். "ஏம்மா, இத யாரு திங்கறது?" மண்டியே சிரித்தது. அந்தக் கோபம் எனக்கு வருடக்கணக்கில் ஆறவில்லை.

ஆனாலும் நீங்கள் எம்.பி. தேர்தலில் நின்றபோது உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். லாரி கிடைக்காமல் எங்கள் வெங்காயம் குவித்த இடத்திலேயே அழுகிக்கொண்டிருந்தது. நீங்கள் ரயில் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள்.

ஜெயித்து டெல்லி போய், மாலையும் கழுத்துமாகத் திரும்பி வந்தீர்கள். "மந்திரி வாக்குக் குடுத்துட்டாரு. நம்மூருக்கு ரயில் வருது!" வெடி வெடித்தார்கள். மண்டிக்காரர்களுக்குள் வாய்ச்சொல் போதும். டெல்லியிலும் அப்படித்தான் என்று நம்பிவிட்டீர்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்டேன்: "அண்ணே, அடியில கைய வுட்டுப் பாத்தீங்களா? எழுதிக் குடுத்தாங்களா?" உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். நீங்கள் மாலையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டீர்கள்.

ரயில் வரவில்லை. அடுத்த தேர்தலில், கூட இருந்தவர்கள் தடுத்தும் கேட்காமல், பஸ் ஸ்டாண்டு மேடையில் என்னைக் கைகாட்டிச் சொன்னீர்கள்: "இந்தம்மா அன்னைக்கே கேட்டுச்சு. நான் மேலாப் பாத்து வாங்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

தோற்றுப்போனீர்கள். நான் அழுதேன்.

மறுவாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "மனு எழுதியிருக்கேன், படிச்சுப் பாரும்மா. ஓட்டை இருந்தா சொல்லு." அதன்பின் அரியலூர், திருச்சி என்று எந்த ஆபீஸையும் நாம் விட்டுவைக்கவில்லை. யாராவது "பாக்கறோம்" என்றால், "எழுதிக் குடுங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் நான் நிறுத்தவில்லை. இன்றும் கலெக்டர் ஆபீஸில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். எழுத்தில் தரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். ரயில் இன்னும் வரவில்லை, அண்ணே. பஸ்ஸில்தான் போகிறேன்.