வசனம் சாட்சியாகாது

வாழவந்தி
12.6.2024

அன்புக் கண்ணு கவிப்பிரியாவுக்கு, ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்த உன் அப்பா எழுதுவது.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை என்ன செய்வாய்? நான் நலம். ஜீப் இருமிக்கொண்டே ஓடுகிறது. உன் அம்மா மட்டும் குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். யார் மேல் கோபம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பஸ் ஏறும்போது, "இனி இந்த ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றாய். அதை நான் ஏற்கவில்லை. உன் சட்டப்படியே அது செல்லாது. நம் காமிக்ஸ் சண்டையை நினைத்துப் பார். வேங்கை வீரன் பலசாலியா, மின்னல் மாரி பலசாலியா என்று. "மலையையே பேத்துருவேன்னு அவனே சொல்றான் பாரு" என்று நான் பக்கத்தைக் காட்டினேன். "ஏனுங்கப்பா, வாயில சொல்றதெல்லாம் சாட்சியாகுமா? படத்துல பேத்தானா? அதுவும் கோவத்துல சொன்னது கணக்குலயே வராதுங்க" என்றாய். அன்று நான் தோற்றேன். இன்று தோற்க மாட்டேன். நீ சொன்னதும் கோபத்தில்தான். கணக்கில் வராது. கிளம்பி வா.

அன்பு அப்பா
தனபால்


சென்னை
20.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். காமிக்ஸ் கம்பெனியில் வண்ணம் பூசும் வேலையை எனக்கு நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

சட்டத்தில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு ஆள் இன்னொரு ஆளைப் பற்றிப் பேசினால், விஷயம் தெரிந்து பேசியிருக்க வேண்டும். "கவிப்பிரியா சின்னராஜைத்தான் கட்டிக்குவா, என் பேச்சைத் தட்ட மாட்டா" என்று குப்பாயி அத்தையிடம் சொல்லி, ஆவணியில் நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

"எங்க அக்காவுக்கு நான் பயப்படுறவனா" என்பீர்கள். அது வசனம். படத்தில் நான் பார்த்தது வேறு. அத்தை குரலை உயர்த்தியதும், ஸ்பிரிங் பட்டையைப் பார்க்கிறேன் என்று ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். அவர் கிளியூர் பஸ் ஏறிய பிறகுதான் வெளியே வந்தீர்கள்.

அத்தை மகன் சின்னராஜ் மாமா நல்லவர்தான். ஆனால் நான் கட்டிக்கொள்ள மாட்டேன். நிச்சயத்தை நிறுத்துங்கள். அதுவரை போன் இப்படியேதான் இருக்கும்.

கவிப்பிரியா


வாழவந்தி
1.7.2024

சாமி,

உன் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். ஜீப்புக்கு அடியில் படுத்த இடத்தை மட்டும் மறுபடி படித்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருந்தது.

நேற்று கிளியூர் போனேன். அக்கா வீட்டு வாசல்வரை ஜீப்பைக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நின்றால் பழக்கதோஷத்தில் அடியில் புகுந்துவிடுவேனோ என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நிச்சயம் கிடையாது.

இதுவும் வசனம்தானே என்பாய். ஆமாம், வசனம்தான். படம் பிடிக்க ஆள் கூட்டிக்கொண்டு போகவில்லை. நம்பினால் நம்பு. நம்பாவிட்டாலும் அங்கே சொன்னதை நான் திருப்பி வாங்கப் போவதில்லை. வேங்கை வீரன் மலையைப் பெயர்ப்பான் என்பதையும்தான்.

அப்பா


கிளியூர்
3.7.2024

கவிப்பிரியாவுக்கு அத்தை குப்பாயி எழுதறது.

மகராசியா இரு. உங்கப்பன் இங்க வந்து பண்ணுன கூத்து உனக்குத் தெரியோணும். சொந்தக்காரங்க அத்தனை பேரும் காப்பி குடிச்சுட்டு இருக்கையில நடு ஊட்டுல வந்து நின்னு, "எம்பொண்ணு வேண்டாங்கறா. அவளைக் கேக்காம நாந்தான் வாய் விட்டுட்டேன். இனி அவ பேச்சுத்தான் எம்பேச்சு"ங்கறான். நான் போட்ட சத்தத்துல அக்கம்பக்கமே கூடிருச்சு. சின்னதுல இருந்து என் சத்தத்துக்கு ஓடுனவன், அன்னிக்கு நின்னான். கால் நடுங்குச்சு, அதையும் பாத்தேன். ஆனா நின்னான். நிச்சயத்துக்கு எடுத்த சீலையைக் காட்டி அழுதேன். "சீலை நொம்ப நல்லாருக்குதுங்க்கா, வார மருமகளுக்கு ஆகும்"ங்கறான். இந்தத் திமிரு அவனுக்கு ஏது? எல்லாம் நீ குடுத்தது.

இனி அவன் ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன்.

குப்பாயி


சென்னை
10.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. உங்களுக்கு நான் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு. நம்மைப் புகழ வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லாத எதிராளி நம்மைப் பற்றிச் சொன்னால், அது செல்லும். நீங்கள் நின்றது செல்லும். கால் நடுங்கியதும் செல்லும்.

உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றும் அத்தை எழுதியிருக்கிறார். அது கோபத்தில் சொன்னது, கணக்கில் வராது. தீபாவளிக்கு முறுக்குத் தூக்கோடு வந்து நிற்பார். அப்போதும் ஜீப்புக்கு வெளியிலேயே இருங்கள்.

மலை விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். மின்னல் மாரிதான் பலசாலி.

பின்பக்கம் ஒரு படம் வரைந்திருக்கிறேன். ஜீப் நிற்கிறது, அடியில் யாரும் இல்லை. வீட்டுப் படியில் ஒரு கால் மட்டும் இருக்கிறது. மீதி ஆள் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள்.

உங்கள்
கவிப்பிரியா