ஜீப்புக்குப் புது ஜன்னல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அக்கா மகள் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டாள். அவள் தம்பிக்கு நீச்சலில் கோப்பை. உன் மகன் பேச்சுப் போட்டியில் முதலாவது என்று நீ போனில் சொன்னதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகளா என்று வாயைப் பிளக்கிறார்கள்.

அப்பாவின் பழைய ஜீப்பில் ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்தானே, வெயிலில் காய்ந்து விரிசல் விட்டுவிட்டது. டேப் ஒட்டிப் பார்த்தார். "எல்லாம் மங்கலா இருக்கு, சனியன்" என்று தினமும் அதைத் திட்டினார். சீட் கவர் தைப்பவரைக் கூப்பிட்டு, பழையதை அறுத்தெடுத்துப் புது ஷீட் வைத்துத் தைத்தோம். பளிங்கு மாதிரி இருக்கிறது.

அப்பா உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பழசையே திருப்பி மாட்டிட்டியா?" என்றார். தைப்பவர் என்னைப் பார்த்தார். "தூசிங்க, துடைச்சிடறேன்" என்று நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரி என்றாலே கத்துகிறார். சாவியை ஒளித்தால் சாப்பிட மறுக்கிறார். தினமும் ஓட்டிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்வரை வாசலில் நிற்கிறேன், வேறென்ன செய்ய?

பேரனைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. முகம் மட்டும், எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக.

அம்மா