இவர் ஓடுவதைப் பற்றி

திங்கள், ஜூன் 7, 1976

காலையிலிருந்து மழை. டண்டினொங் ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டு போனது. இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். சப்பாத்து இன்னும் காயவில்லை, ஹீட்டருக்கு முன்னால் கிடக்கிறது.

வாங்க வேண்டியவை: வெங்காயம், சவர்க்காரம், இவருக்கு நீலக் காலுறை.

நேற்றைய உதைபந்தாட்டத் தோல்விதான் எல்லார் வாயிலும். இவர் ஆடுவது நடுவில். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் நிற்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் அந்த இடத்து வேலை. இவர் கொடுக்கமாட்டார், ஓடுவார். நேற்றும் மூன்று பேரை வெட்டிக்கொண்டு ஓடினார். நாலாவது ஆள் பறித்தான். அதிலேயே எங்கள் வலையில் கோல் விழுந்தது. கோட்டோரம் நின்ற ஒரு கிழவர் "பாஸ் இட், மேட், பாஸ் இட்" என்று கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போனார்.

இடது பக்கம் இரண்டு பேர் சும்மா நின்றது உண்மை. நானும் கண்டேன். ஆனால் இந்த வருஷம் வென்ற ஆட்டமெல்லாம் இவர் ஓடி வென்றவை. அதை ஏன் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை?

புதன், ஜூன் 9

மழை இல்லை, காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு வேலியில்.

வேலை முடிந்து அண்ணா வந்தார். அண்ணாதான் கிளப்பின் செயலாளர். யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் மூன்று பேரில் ஒருவர். மற்றவர்கள் கோச் கொஸ்தா, மோல்டாக்காரர் ஜோ. கொஸ்தாவுக்கு இவர் வேண்டும், ஜோவுக்கு வேண்டாம். ஆக, அண்ணாவின் கையில்.

அண்ணாவும் இவரும் குசினி மேசையில் கோப்பைகளை வைத்து ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள்.

"மச்சான், பந்தைக் கொஞ்சம் முந்தி விடலாம்தானே?"

"விட்டா ஆர் வாங்கிறது? எல்லாரும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

"உம்மட காலை மட்டும் நம்பிப் பதினொரு பேர் ஆடேலாது."

"ஓடாட்டி நான் ஏன் அங்க நிக்கிறன்?"

பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டார்கள். எனக்கு மனம் லேசானது. அண்ணா கைவிடமாட்டார்.

தொழிற்சாலையில் இவரை "நம்பர் த்ரீ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது மெஷினில் நிற்பதால். ஞாயிற்றுக்கிழமைதான் இவருக்குப் பெயர் இருக்கிறது. ராஜதுரையில் பாதிதான், "ராஜ், ராஜ்" என்று. பாதியென்றாலும் பெயர்.

வியாழன், ஜூன் 10

வியாழக்கிழமைகளில் பயிற்சி முடிந்ததும் கிளப் அறையில் எல்லாரையும் நிற்க வைத்து, ஞாயிறு ஆடப்போகிறவர்களின் பெயர்களை வாசிப்பார்கள்.

இன்று இவர் பெயர் பதினொன்றில் இல்லை. யாருக்காவது ஏலாமல் போனால் இறங்கும் மாற்று ஆள்.

"ஆர் வாசிச்சது?" என்று கேட்டேன்.

"உம்மட அண்ணா. அவர்தானே எப்பவும் வாசிக்கிறது."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். சீனி போட மறந்திருந்தேன், கோப்பையை வெறுமையாக்கித் தந்தார்.

வெள்ளி, ஜூன் 11

பஸ் தரிப்பில் ஜோவின் மனைவி. அவளாகத்தான் வந்து சொன்னாள். இவரை வேண்டாம் என்ற தன் பேச்சு எடுபடாது என்று நினைத்துத்தான் ஜோ ஆள் தெரிவு செய்யும் கூட்டத்துக்குப் போனாராம். இவர் வேண்டாம் என்று முதலில் கை உயர்த்தியது என் அண்ணாவாம். பேச்சுத் தொடங்குவதற்கு முன்பே.

வீட்டில் எடுத்துத் தைக்கிற வேலையில் ஒன்றும் ஓடவில்லை. இரண்டு சட்டைக் கொலரைத் தலைகீழாகத் தைத்து, பிரித்துத் தைத்தேன்.

ஞாயிறு, ஜூன் 13

வெயில். மூன்றுக்குப் பூச்சியம், வென்றோம். நடுவில் ஒரு புது ஆள். பந்து வந்ததும் கொடுத்துவிட்டான், வந்ததும் கொடுத்துவிட்டான். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இவர் மாற்று ஆட்களுக்கான வாங்கில் உட்கார்ந்தபடி மூன்று கோலுக்கும் கை தட்டினார். கடைசிவரை கூப்பிடவில்லை.

மாலை அண்ணா வழக்கம்போலச் சாப்பிட வந்தார். எப்படி மனம் வந்ததோ. சோறு போட்டேன். இவர் முன்னறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மெல்லக் கேட்டேன்.

"அவர் என்ர புருஷனா இல்லாட்டி என்ன செய்திருப்பீங்கள்?"

அண்ணா சோற்றைப் பிசைந்தார்.

"வச்சிருப்பன்."

"பிறகேன்?"

"தங்கச்சியின்ர புருஷனுக்காண்டி நிண்டவன் எண்டு சொல்லுவினம். வெள்ளைக்காரன் இல்லை, எங்கட ஆக்களே சொல்லுவினம்."

"சொன்னாச் சொல்லட்டுமே."

"உனக்கென்ன. நானெல்லோ அங்க முகம் காட்ட வேணும்."

திரும்பினால் வாசலில் இவர். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம்.

"விடுமப்பா," என்றார் என்னிடம். "நானெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பன்." ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "சாப்பிடும் மச்சான், ஆறப்போகுது."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். இவர்களுடைய நேர்மையில் நெருப்பு விழ. ஒருவர் ஊர் வாய்க்குப் பயந்தார், மற்றவர் அதற்கு மரியாதை செய்தார். இரண்டு பேரும் நல்லவர்களாம். இவர் நெஞ்சு உடைந்தது எனக்கு மட்டும் கேட்டது.

செவ்வாய், ஜூன் 15

அண்ணா போன் எடுத்தார். கறித்தூள் வந்திருக்கிறதாம், கொண்டுவரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணாவிடம் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

இவர் நன்றாக இருக்கிறார். அதாவது வேலைக்குப் போகிறார், வருகிறார்.

வியாழன், ஜூன் 17

குளிர். தைத்த சட்டைகளை இன்று எடுத்துப் போனார்கள்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. இவர்.

"பயிற்சிக்குப் போகேல்லையோ?"

"இல்லை."

கோட்டைக் கழற்றி மாட்டினார். கையைக் கழுவினார். மேசைக்கு வந்து இருந்தார்.

"என்ன சாப்பாடு?"

வியாழக்கிழமைகளில் இவர் கிளப்பிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். எனக்கு மட்டும்தான் சமைத்திருந்தேன்.