கதவில் தொங்கிய ஆரஞ்சு

இன்றும் நாலே கால் மணிக்கு வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது. உள்ளே இரண்டு ஆரஞ்சு. குளிர்காலம் முழுக்க உங்கள் விரல்களில் இருக்குமே, அதே வாசனை. நீங்கள்தான் ஆபீஸிலிருந்து வந்துவிட்டீர்களென்று சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பைத்தியக்காரி.

நீங்கள் போய் இருபத்திரண்டு நாள். நம் கயல் இன்னும் ஸ்கூலுக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய். அழவும் மாட்டேனென்கிறாள். பதினோரு வயசுப் பிள்ளையை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லையே, நான் என்ன செய்வேன்? இந்த கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளோடு ஓடி விளையாடிய பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரியவர்கள் வந்தார்கள், சோபா நுனியில் உட்கார்ந்தார்கள், போனார்கள்.

வருகிற ஒரே பிள்ளை எதிர் பிளாக் துலி. தினமும் பள்ளி விட்டதும் வந்து பெல் அடிக்கிறாள், கதவு திறக்காவிட்டால் பையை மாட்டிவிட்டுப் போகிறாள். "தொறக்காதம்மா!" என்று கயல் உள்ளேயிருந்து கத்துகிறாள். நேற்று ஆத்திரம் தாங்காமல், "ஏண்டி இப்படிப் பண்ற?" என்று பிடித்து உலுக்கிவிட்டேன்.

"அவ பாபா செத்தப்ப நான் போனேனா? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவளைப் பாக்கறது?" என்றாள்.

அது என் மூஞ்சியில் விழ வேண்டிய கேள்வி. போன குளிர்காலத்தில் துலியின் அப்பா இறந்த அன்று, கயல் செருப்பை மாட்டிக்கொண்டு உங்களோடு கிளம்பினாள். நான்தான் வாசலை மறித்தேன். "சின்னப் பிள்ளைய சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களே, அறிவிருக்கா? காரியம் முடியட்டும்."

"துக்கம் என்ன அம்மையா, ஒட்டிக்க? அந்தப் பிள்ளைக்கு இன்னிக்குத்தானே இவ வேணும்," என்றீர்கள்.

நான் விடவில்லை. காரியம் முடிந்த பிறகும், "அப்பாவப் பத்தி எதுவும் கேட்டுடாதே, அழுதுடுவா" என்று சொல்லிச் சொல்லி பயமுறுத்தி வைத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், துலியைக் கண்டாலே கயல் வேறு பக்கம் போக ஆரம்பித்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

இன்று பையைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடிப்போய், இறங்கிக்கொண்டிருந்த துலியைப் படிக்கட்டில் பிடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், ஏன் தினம் ஆரஞ்சு என்று கேட்டேன்.

"காக்கு எனக்கு இதத்தானே கொண்டு வருவாரு, காக்கிமா," என்றாள். அவளுக்கு நீங்கள்தானே காக்கு, சித்தப்பா.

அவள் அப்பா இறந்த பிறகு பத்து நாள். என்னிடம் ஆபீஸில் ஆடிட் என்று சொன்னீர்களே, அந்தப் பத்து நாளும் நேரே அவள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்! ஒன்றும் கேட்க மாட்டீர்களாம். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரித்து, அவளுக்கு ஒரு சுளை, உங்களுக்கு ஒரு சுளை. அவள் அழுதால் உரிப்பதை நிறுத்திவிட்டு, அழுது ஓயும்வரை இருப்பீர்களாம். போகும்போது, "கயல் உன்னையேதான் நெனச்சிட்டிருக்கா" என்பீர்களாம்.

"அதான் அவ மேல எனக்குக் கோவமே இல்ல," என்றாள் அந்தக் குழந்தை.

படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சண்டை போட்டாவது என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால், இன்று இப்படித் திக்குத் தெரியாமல் நிற்பேனா? இனி யாரிடம் போய்க் கற்றுக்கொள்வேன்?

மேலே வந்து கயலின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து உரித்தேன். எனக்கெங்கே வருகிறது, தோல் நாலு இடத்தில் பிய்ந்தது. "அன்னிக்கு உன்னைத் தடுத்தது நான். தப்பு என்னோடது, உன்னோடது இல்லடி," என்றேன். துலி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். 

வெகு நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். ஒரு சுளையை வைத்தேன். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. 'அழாதே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உரிப்பதை நிறுத்திவிட்டு, மீதிச் சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.