அப்பாவின் சட்டையில் வரும் மகரந்தம்

அனுப்புநர்
பொ. சரண்யா (பத்தாம் வகுப்பு),
காவலாளி அறை, ஆற்றோர அடுக்ககம்,
கோட்டூர்புரம், சென்னை.

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்,
சென்னை மாநகராட்சி, அடையாறு மண்டலம்.

பொருள்: மதிலோரக் கோனோகார்பஸ் மரங்களை மீண்டும் பூக்கும் முன் அகற்றவும், என் பெயரை வெளியிடாதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அப்பா பொன்ராஜ் இங்கே காவலாளி. தோட்ட வேலையும் அவருடையதே. அம்மா, நான், நான்கு வயதுத் தங்கை ஷண்முகப்ரியா எல்லோரும் மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் இருக்கிறோம்.

2. ஆற்று நாற்றத்தை மறைக்க இம்மரங்களை வைத்தார்கள். அப்பா கத்தரித்து வந்தவரை அவை பூக்கவில்லை. மாடி வீடுகளுக்கு மறைப்பு வேண்டுமென்று கத்தரிப்பதைக் குடியிருப்போர் சங்கத்தார் நிறுத்தச் சொன்னார்கள். மரங்கள் வளர்ந்து பூத்தன. தங்கைக்கு மூச்சிழுப்பு வந்தது.

3. மகரந்தத்துக்குள் இருக்கும் ஒரு புரதமே காரணம் என்று டாக்டர் சொன்னார். மூக்கின் ஈரத்தில் அது கரையுமாம். யாருக்கும் கெடுதல் நினைக்காத அந்தப் புரதத்தைத் தங்கையின் உடல் எதிரியாக எண்ணிவிட்டது. இனி அது வரும்போதெல்லாம் மூச்சுக்குழாய் சுருங்கும். எங்கள் அறிவியல் புத்தகத்தில் புரதம் உடலை வளர்க்கும் என்றுதான் இருக்கிறது.

4. போன முறை பூத்தபோது சன்னலை அடைத்துவிட்டோம். ஆனால் தூள் அப்பாவின் காக்கிச் சட்டையில் வந்தது. சட்டையை மாற்றினாலும் தலைமுடியில் இருந்தது. ஒருநாள் தங்கை ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அன்றிரவு அவள் உதடு நீலமாகிவிட, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அதிலிருந்து அப்பா கேட் அருகிலேயே படுக்கிறார், அவளைத் தொடுவதில்லை. அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் நினைக்கிறாள்.

5. அப்பா சங்கச் செயலாளரிடம் மன்றாடினார். "பாப்பாவுக்கு ஒத்துக்கலைன்னா ஊருக்கு அனுப்பிடு பொன்ராஜ், மரத்துல கை வைக்காதே" என்றார். ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. இம்மரத்தை நடக் கூடாதென்று அரசே சொல்லியிருப்பதாகப் படித்தேன். அதை எடுத்துச் சொல்ல அப்பாவுக்குத் தைரியமில்லை. வேலை போனால் அறையும் போகும்.

6. பெயரில்லாத மனுவை எடுக்க மாட்டார்கள் என்பதால் பெயர் எழுதியுள்ளேன். பயமாக இருக்கிறது. அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஆய்வுக்கு வந்தபோது தாங்களே கண்டதாகச் சொல்லி மரங்களை அகற்றுங்கள். வெட்டும் வேலையை மட்டும் என் அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்; மரத்தில் கை வைத்தவர் அவர் என்று ஆகிவிடும்.

மேல்கிளைகளில் மறுபடியும் மொட்டு வந்துவிட்டது. அது விரிவதற்குள் வாருங்கள், ஐயா. வர இயலாதென்றால் பதில் அனுப்ப வேண்டாம். தபால் எல்லாம் செயலாளர் கைக்கே போகும். நீங்கள் வரவில்லை என்பதைத் தங்கையின் மூச்சைக் கேட்டு நானே தெரிந்துகொள்வேன்.

இடம்: கோட்டூர்புரம்
தேதி: 14.11.2025

தங்களை மட்டுமே நம்பியிருக்கும்,
பொ. சரண்யா