ஒரு குறிக்காக நாம் போட்ட சண்டை

இன்று காலை சின்னசேலம் தாண்டும்போது ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் புளித்த வாடை பஸ்ஸுக்குள் ஏறியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இதே வாடையில், இதே வழியில்தானே நீ வாராவாரம் என்னோடு மல்லுக்கு நின்றாய்?

பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் இருவரும் கணினிக்கு ஆணையிட ஒரு சின்ன நிரல்மொழி செய்தோம். கட்டளைகள் எல்லாம் தமிழில். ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து வேலை செய்ய மூன்று வரி எழுத வேண்டும். ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் ஒரே வரியில் முடியும் என்றேன்.

"ஒரு வேலைக்கு ரெண்டு வழி இன்னாத்துக்குடி?" என்றாய். "எழுதறவளுக்கு சுலபம். படிக்கறவ முழிச்சிக்கினு நிப்பா."

மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார்கள். மணி அடிக்கும்வரை அந்த மூன்று வரியைத் தாண்டவில்லை. ஒருத்தி அழுதேவிட்டாள். மலை இறங்கும் வழியெல்லாம் உன்னிடம் கத்தினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அழுதாலும் அவளுக்குப் புரிஞ்சிதா இல்லியா?" என்றாய். புரிந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மஞ்சள் காமாலையில் படுத்தபோதும் நீ விடவில்லை. கஞ்சி கொடுத்த என் கையைத் தள்ளி, "நான் இல்லன்னா ஒடனே சேத்துருவ, தெரியும்" என்றாய். சிரித்தோம். அடுத்த வாரம் நைனார்பாளையத்தில், உங்கள் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள்.

வெகுநாள் அந்த வேலையையே தொடவில்லை. பிறகு அந்த நட்சத்திரக் குறியைச் சேர்த்தேன். பிள்ளைகள் துள்ளினார்கள். எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் என்ன ஜெயிப்பு? போதாக்குறைக்கு, ஒன்று கொடுத்ததும் ஆசிரியர்கள் கூட்டலுக்கு ஒரு சுருக்கம், தேடலுக்கு ஒரு சுருக்கம் என்று வரிசை கட்டி வந்துவிட்டார்கள்.

இன்று கரியாலூரில் அதற்குத்தான் கூட்டம். "இன்னும் ரெண்டு குறி சேத்தா இன்னாங்க கொறஞ்சி போவுது?" என்றார் ஓர் ஆசிரியர். முடியாது என்றேன். ஏன் என்றார். மூச்சு விடாமல் பேசினேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆவாதுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அலுத்துப்போய் நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் அதை! போகும்போது உன் பிடிவாதத்தையாவது கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே.